ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பு எதற்கு? பதிவு மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோபோட்டிக்ஸ் கூட்டங்களில் வாசல் பக்கம் பதிவு மேசை ஒன்று போட்டிருப்பார்கள். பல வருடங்களாக அந்த மேசையில் உட்கார்ந்து வருகிறேன். அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்களில் பாதிப் பேராவது ஒரு நிமிடம் நின்று ஏதாவது கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ரோபோட்டிக்ஸ் சொசைட்டின்னு சொல்றீங்களே, அது ரோபோ செய்யற கம்பெனியா சார்?"

இல்லை. ஒரு ரோபோவைக்கூட அது செய்து விற்பதில்லை. ஆராய்ச்சிக்கூடம், தொழிற்சாலை, அரசு ஆய்வு நிலையம் மூன்றிலும் ரோபோ வேலை செய்கிறவர்களை ஓரிடத்தில் சேர்க்கிற சங்கம் அது. இந்தியாவில் 'ரோபோட்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா' என்ற பெயரில் 2011 ஜூலை 10 அன்று தொடங்கியது. இப்போது 'தி ரோபோட்டிக்ஸ் சொசைட்டி' என்று அழைக்கிறார்கள்.

அதன் முக்கிய நிகழ்ச்சி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் 'அட்வான்சஸ் இன் ரோபோட்டிக்ஸ்' மாநாடு. 2013ல் புனே, 2015ல் கோவா, 2017ல் டெல்லி, 2019ல் சென்னை ஐஐடி என்று ஒவ்வொரு முறையும் ஊர் மாறும். இப்படி மாறுவது நல்லது என்பது என் கருத்து. ஒரே ஊரில் நடந்தால் அந்த ஊர்க்காரர்களின் சங்கமாகவே நின்றுவிடும்.

"பேர்ல 'இந்தியா', 'தேசிய', 'அகில இந்திய'ன்னு இருந்தா கவர்மென்ட்தானே?"

அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழோ, கம்பெனிகள் சட்டம் 2013ன் 8ஆம் பிரிவின் கீழோ லாப நோக்கமில்லாமல் பதிவானவை. பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவை கொடுக்கும் சான்றிதழ் அரசுச் சான்றிதழ் ஆகாது.

பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள். பதிவு எந்தச் சட்டத்தில், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது யார், வருடாந்தரக் கணக்கு உறுப்பினர் கைக்கு வருகிறதா. இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காத இடத்தில் நான் சேர மாட்டேன்.

"அப்போ இதுல அரசாங்கம் எங்கே வருது?"

பணத்திலும் கொள்கையிலும் வருகிறது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை, இணைய-இயற்பியல் அமைப்புகளுக்கான (கணினியும் நிஜ இயந்திரமும் பின்னிய அமைப்புகள்) தேசிய இயக்கத்துக்கு 3,660 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. அதன் கீழ் நாடெங்கும் 25 மையங்கள் வந்தன. மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்கு டெல்லி ஐஐடி, ரோபோட்டிக்ஸுக்கும் தானியங்கி அமைப்புகளுக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆர்ட்பார்க், ஆளில்லா வாகனங்களுக்கு ஹைதராபாத் ஐஐடியின் திஹான், சென்சார் மற்றும் கட்டுப்பாட்டுக்குச் சென்னை ஐஐடியின் பிரவர்தக். இந்த மையங்கள் மேலே சொன்ன 8ஆம் பிரிவுக் கம்பெனிகளாகப் பதிவானவை.

2023 செப்டம்பரில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தேசிய ரோபோட்டிக்ஸ் உத்தி என்ற வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. உற்பத்தி, விவசாயம், மருத்துவம், தேசப் பாதுகாப்பு ஆகிய நான்கு துறைகளுக்கு முன்னுரிமை என்றது அந்த வரைவு. தேசிய ரோபோட்டிக்ஸ் இயக்கம் ஒன்றும், அதற்குள் ஒரு புத்தாக்கப் பிரிவும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கருத்துக் கேட்கும் நேரத்தில்தான் சங்கத்தின் அருமை தெரியும். தனி ஒரு பட்டறைக்காரர் எழுதும் கடிதத்தைவிட, நூறு பட்டறைகளின் அனுபவத்தைத் திரட்டி எழுதும் நான்கு பக்கம் அமைச்சகத்தில் படிக்கப்படும்.

"ஐஐடி இருக்கு, கம்பெனி இருக்கு. நேரா பேசிக்க வேண்டியதுதானே? நடுவுல ஒரு சங்கம் எதுக்கு?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தொட்டியில் குவிந்து கிடக்கும் பம்ப் கேஸ்டிங்குகளை, அதாவது உலோகத்தை உருக்கி வார்த்த பாகங்களை, கேமராவால் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து லேத்தில் வைக்க வேண்டும் ஒரு ரோபோ கை. ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள், பிசகே இல்லை. பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். காலையில் ஓடியது. மத்தியானமும் ஓடியது. சாயங்காலம் நாலு மணி தாண்டியதும் கிரிப்பர், அதாவது பாகத்தைப் பிடிக்கும் நுனி, வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. மறுநாளும் அதே நேரத்தில் அதே கோளாறு.

மென்பொருளைக் குடைந்துகொண்டே மூன்று வாரம் போனது. காரணம் கூரையில் இருந்தது. மேற்குப் பக்கத் தகட்டில் இருந்த ஓர் இடைவெளி வழியே சாயங்கால வெயில் சரியாகத் தொட்டிமேல் விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திய கேஸ்டிங்குகள் துடைத்துச் சுத்தமாக இருந்தவை. பட்டறையில் இருந்தவற்றில் எண்ணெய் படிந்திருந்தது. அந்த எண்ணெய்ப் பளபளப்பின் விளிம்பைப் பாகத்தின் விளிம்பு என்று கேமரா எடுத்துக்கொண்டது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், ஒரு கூட்டத்தில் டீ நேரத்தில் பக்கத்தில் நின்ற வேறொரு தொழிற்சாலையின் பராமரிப்பு சூப்பர்வைசர். பெயின்ட் அடித்த பாகங்களில் அவருக்கு அதே தொல்லை வந்திருந்தது. தொட்டிக்கு மேலே கறுப்புத் துணியால் ஒரு கூண்டு, உள்ளே சொந்த விளக்கு, லென்ஸுக்குப் பளபளப்பைக் குறைக்கும் ஒரு போலரைசர் என்றார். அத்தோடு தீர்ந்தது.

பேராசிரியருக்கும் பட்டறை முதலாளிக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. மூன்றாவதாக இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதுதான் இருவருக்கும் தெரியாது. அவரை அந்த டீ மேசைக்குக் கொண்டுவந்தது சங்கம்.

"எல்லாரும் டிஆர்எல், டிஆர்எல்னு பேசறாங்க. புரியற மாதிரி சொல்லுங்களேன்."

'டெக்னாலஜி ரெடினெஸ் லெவல்' என்பதன் சுருக்கம். ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று சொல்லும் அளவுகோல். நாசாவில் பிறந்தது, 1 முதல் 9 வரை போகும். அடிப்படைக் கொள்கை தாளில் இருந்தால் 1. ஆய்வுக்கூடத்தில் ஓடினால் 4. உண்மையான இடத்தில், உண்மையான வேலையில் நாள் கணக்கில் நிலைத்து ஓடினால் 9.

கேஸ்டிங் கதையில் அந்த ரோபோ 4ல் நன்றாக இருந்தது, 6க்கும் 7க்கும் போகும்போது விழுந்தது. பல்கலைக்கழகத்தில் பேப்பர் எழுத 4 போதும். கம்பெனிக்காரர் 8க்குக் கீழே பணம் போடத் தயங்குவார். நடுவில் இருக்கும் தூரம் யாருடைய பொறுப்பும் இல்லாமல் கிடக்கிறது. கூட்டமைப்பு என்று ஒன்று இருந்தால் அது முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தத் தூரத்தைத்தான்.

"வெளிநாட்டுல எல்லாம் எப்படி வெச்சிருக்காங்க?"

ஜப்பானைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கவாசாகி நிறுவனம் அமெரிக்க உரிமம் வாங்கித் தன் முதல் ரோபோவைச் செய்தது 1969ல். இரண்டே வருடத்தில், 1971ல், தயாரிப்பாளர்கள் கூடிச் சங்கம் வைத்துவிட்டார்கள். இன்றைய ஜப்பான் ரோபோ சங்கம் அதுதான். ஆராய்ச்சியாளர்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் 1983ல் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது 1980ல் அவர்கள் செய்த காரியம். சிறு தொழிற்சாலைகளால் ரோபோவை விலை கொடுத்து வாங்க முடியவில்லை என்றதும், வாடகைக்கு விடுவதற்காகவே 'ஜாரோல்' என்ற நிறுவனத்தை ரோபோ தயாரிப்பாளர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் 1974ல் தொடங்கிய சங்கம் தொழில் தரப்பினரால் நடத்தப்பட்டது, பாதுகாப்புத் தரநிலை எழுதுவதில் பெயர் வாங்கியது. அது இப்போது 'ஏ3' என்ற பெரிய தானியக்கச் சங்கத்துக்குள் சேர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் யூரோபோட்டிக்ஸ் 2012ல் பிரஸ்ஸல்ஸில் பதிவானது. 2014ல் ஐரோப்பிய ஆணையத்தோடு 'ஸ்பார்க்' என்ற கூட்டுத் திட்டம் போட்டது. ஆணையம் 70 கோடி யூரோ, தொழில் தரப்பு 210 கோடி யூரோ என்று பேச்சு. அரசு ஒரு பங்கு போட்டால் தொழில்துறை மூன்று பங்கு போட வேண்டும் என்ற அந்தக் கணக்கை நம் ஊர்த் திட்டங்களிலும் எழுதி வைக்கலாம்.

"இருபது பேரை வெச்சுப் பட்டறை நடத்தறேன். எனக்கு இதனால என்ன பிரயோஜனம்?"

ரோபோ வாங்கும் யோசனை இல்லாவிட்டாலும் பிரயோஜனம் உண்டு. முதலாவது, ஏமாறாமல் இருக்கலாம். விற்பனையாளர் காட்டும் வீடியோவில் ரோபோ மட்டும்தான் தெரியும். கிரிப்பர், பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக், பாதுகாப்பு வேலி, இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியோடு இணைப்பு, நிறுவித் தருகிற சிஸ்டம் இன்டகிரேட்டரின் கூலி எல்லாம் விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். உங்களைப் போலவே ஏற்கெனவே வாங்கிய ஒருவரோடு அரை மணி நேரம் பேசினால் அந்தக் கடைசிப் பக்கம் முதலிலேயே புரிந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் பிரச்சினை ஒரு மாணவரின் ஆய்வுத் தலைப்பாக மாறலாம். ஆனால் "ஆட்டோமேஷன் பண்ணணும்" என்று போகாதீர்கள். "இரண்டரை கிலோ பாகம், ஒரு ஷிப்டில் 600 எண்ணிக்கை, பர் (விளிம்பில் நீட்டி நிற்கும் பிசிறு) எடுக்கும்போது விளிம்பு சீராக வரவில்லை" என்று போங்கள். அளவு சொன்னால்தான் ஆராய்ச்சியாளர் நாற்காலியை முன்னே இழுத்துப் போடுவார்.

"நான் டிப்ளமா. ஐஐடி எல்லாம் கிடையாது. உள்ளே விடுவாங்களா?"

தாராளமாக வாருங்கள் தம்பி. கேஸ்டிங் கோளாறைத் தீர்த்தவர் ஐடிஐ படித்தவர். அரங்கில் சமன்பாடுகள் ஓடும்போது புரியாமல் போகலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கண்காட்சிப் பகுதியில் நில்லுங்கள், ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நில்லுங்கள், கேபிள் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு, மாணவர்கள் ரோபோ செய்து மோதும் ரோபோகான் போட்டி இன்னொரு வழி. ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் 2002லிருந்து நடத்துவது. இந்தியச் சுற்றைத் தூர்தர்ஷன் பக்கம் பார்த்திருப்பீர்கள்.

"மாநாட்டுல பேப்பர் வாசிச்சா பேட்டன்ட் போயிடுமாமே? கைடு பயமுறுத்தறார்."

உங்கள் கைடு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழுக்கதை வேறு. பொதுவாக, விண்ணப்பத்துக்கு முன்பே வெளியில் சொல்லிவிட்டால் கண்டுபிடிப்பு புதியது இல்லை என்றாகிவிடும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970ன் 31ஆம் பிரிவு இதற்கு ஒரு விலக்கு தருகிறது. கண்டுபிடித்தவரே ஓர் அறிஞர் சங்கத்தின் முன் கட்டுரையாக வாசித்தாலோ, அவர் சம்மதத்தோடு அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானாலோ, அந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அந்தக் கட்டுரையைக் காட்டி நிராகரிக்க முடியாது.

இந்த விலக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். யூடியூபில் போட்ட வீடியோவுக்கு இது பொருந்தாது. கண்காட்சி என்றால் மத்திய அரசு அதற்கென அறிவிக்கை செய்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் கட்டுரைக்கு இந்தச் சலுகையே இல்லை. ஆகவே வாசிப்பதற்கு முந்தைய வாரமே தற்காலிக விவரக் குறிப்போடு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. கல்வி நிறுவனம், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பெரிய கம்பெனிக்கு 8,000.

"கம்பெனியும் காலேஜும் சேர்ந்து செஞ்சா பேட்டன்ட் யாருக்கு? பாதிப் பாதிதானே?"

"பாதிப் பாதி" என்று கைகுலுக்கிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பேச்சே நின்றுபோன இரண்டு கூட்டணிகளை எனக்குத் தெரியும். சட்டத்தின் 50ஆம் பிரிவைப் படியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தன் லாபத்துக்கு அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வெளியாருக்கு உரிமம் கொடுக்க எல்லாருடைய சம்மதமும் வேண்டும்.

இது யாருக்குச் சாதகம் என்று யோசியுங்கள். கம்பெனியிடம் தொழிற்சாலை இருக்கிறது, நாளைக்கே செய்து விற்கலாம். கல்லூரியிடம் தொழிற்சாலை இல்லை. அது சம்பாதிக்க ஒரே வழி உரிமம் விற்பது, அதற்கு மறுபக்கத்தின் கையெழுத்து வேண்டும். எனவே வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். நல்ல கூட்டமைப்பு என்றால் இதற்கு ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

"போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில உட்கார்ந்தா ரகசியம் வெளியே போகாதா?"

எதைப் பேசுவது, எதைப் பேசக்கூடாது என்று கோடு போட்டுக்கொண்டால் போகாது. விலை, வாடிக்கையாளர் பட்டியல், டெண்டர் தொகை வாயிலேயே வரக்கூடாது. அது கண்ணியம் மட்டும் இல்லை, சட்டமும்கூட. போட்டிச் சட்டம் 2002ன் 3ஆம் பிரிவு, சங்கத்தின் பெயரில் விலையை ஒத்துப் பேசினாலும் பிடிக்கும்.

பேச வேண்டியது பாதுகாப்பு, சோதனை முறை, இணைப்புத் தரம், பயிற்சி. இதில் யாருக்கும் நட்டமில்லை. ஒருவர் ரோபோவில் தொழிலாளி அடிபட்டால் ஊரில் எல்லாருடைய ரோபோவையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

"கோபாட்டுக்கு வேலியே வேண்டாம்னு விக்கறவர் சொல்றார். நம்பலாமா?"

கோபாட் என்று அவர்கள் சொல்வது மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோவை. ரோபோ பாதுகாப்புக்கான உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 10218. இரண்டு பாகம்: ஒன்று ரோபோவுக்கு, மற்றொன்று அதை நிறுவும் முறைக்கு. 2011 பதிப்பைத் திருத்தி 2025ல் புதிதாக வெளியிட்டார்கள். மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும்போது உடம்பின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் வரை படலாம் என்று 2016ல் தனி ஆவணமாக வந்ததும் இப்போது இதற்குள் சேர்ந்துவிட்டது. அந்த எண்கள் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில், மனித உடலின் 29 இடங்களில் வலி எங்கே தொடங்குகிறது என்று அளந்து எடுத்தவை.

புதிய பதிப்பில் ஒரு முக்கியமான பார்வை இருக்கிறது. 'கோபாட்' என்று ஓர் இயந்திரத்தைத் தனியாகச் சொல்ல முடியாது, அதைக் கொண்டு செய்யும் வேலையைத்தான் அப்படிச் சொல்லலாம் என்கிறார்கள். எவ்வளவு மென்மையாக நகரும் கையானாலும், அதன் நுனியில் கூரான தகடு ஒன்றைக் கொடுத்துவிட்டால் வேலி வேண்டும். விற்பவரிடம் "இந்தப் பாகத்தோடு, இந்த வேகத்தில், ஆபத்து மதிப்பீடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா" என்று கேளுங்கள்.

"இந்தியாவுல செஞ்ச ரோபோன்னு சொல்றாங்க. உள்ளே எல்லாம் வெளிநாட்டுச் சாமான்தானே?"

பல ரோபோக்களில் முக்கியமான உறுப்புகள் இன்னும் இறக்குமதிதான். மூட்டுக்குள் இருக்கும் கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வேகமாகச் சுற்றும், கை மெதுவாக, கொஞ்சமும் ஆட்டமில்லாமல் நகர வேண்டும். இதற்கு 'ஹார்மோனிக்' கியர் வைப்பார்கள். வெளிவளையத்தில் 202 பல், உள்ளே மெல்லிய எஃகுக் கிண்ணத்தில் 200 பல் என்று வையுங்கள். நீள்வட்டமான ஓர் உருளை உள்ளே சுற்றும்போது கிண்ணம் நெளிந்து, ஒரு சுற்றுக்கு இரண்டே பல் நகரும். உருளை நூறு முறை சுற்றினால் கிண்ணம் ஒரு முறை, அதுவும் எதிர்த்திசையில். அமெரிக்கரான வால்டன் மஸ்ஸர் 1950களில் கண்டுபிடித்தது. இன்று ஜப்பானிய நிறுவனங்கள் இந்தத் துறையில் கோலோச்சுகின்றன.

படத்தைப் பார்த்தால் எளிது. கோடிக்கணக்கான முறை நெளிந்தும் விரிசல் விடாத எஃகும், அந்தப் பற்களை வெட்டும் துல்லியமும்தான் கஷ்டம். உலோகவியல் ஆய்வுக்கூடம், ஃபோர்ஜிங் பட்டறை, கியர் வெட்டுகிறவர், வெப்பப்பதம் செய்கிறவர் நால்வரும் சேராமல் இது வராது. தனியாக ஒரு ஸ்டார்ட்அப் முயன்றால் வாங்குகிற எண்ணிக்கை போதாது. 2024ல் இந்தியாவில் நிறுவப்பட்ட தொழிற்சாலை ரோபோக்கள் சுமார் 9,100 என்கிறது சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பு. சீனாவில் அதே வருடம் சுமார் 2.95 லட்சம். நம் தேவையைத் திரட்டிக் காட்ட ஒருவர் இருந்தால்தான் கியர் செய்ய ஒருவர் முதல் போடுவார். பன்னிரண்டு பேர் தனித்தனியாகக் கேஸ்டிங் எடுக்கும் கை செய்வதைவிட, நம் கூட்டமைப்புகள் இந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் போதும் என்று பல இடங்களில் பேசிப் பார்த்திருக்கிறேன்.

"ரோபோ வந்தா ஆளுக்கு வேலை போகும். அதை வளர்க்கிற சங்கத்துக்கு நான் ஏன் ஆதரவு தரணும்?"

கேட்டவர் ஒரு தொழிற்சங்கத் தோழர். கேள்வியில் கோபம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. சில வேலைகள் போகும். போகாது என்று சொல்கிற விற்பனையாளர் பேச்சை நான் இந்த மேசையில் பேசியதில்லை. அதனால்தான் இத்தகைய அமைப்புகளின் குழுவில் தொழிலாளர் தரப்பும் இருக்க வேண்டும் என்கிறேன். எந்த வேலைக்கு முதலில் ரோபோ என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்த வேலையைச் செய்கிறவர் இல்லாவிட்டால், கூலி மிச்சமாகும் வேலைதான் முதலில் வரும், உயிர் மிச்சமாகும் வேலை பின்னால் போய்விடும்.

மனிதர் செய்யவே கூடாத வேலைகள் இருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013ல் வந்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி ஆட்கள் சாகிறார்கள். திருவனந்தபுரத்து ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் பேண்டிகூட் ரோபோ ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்குகிறது. சென்னை ஐஐடியில் உருவான ஹோமோசெப் கழிவுத் தொட்டிக்கானது. தொட்டியின் வாய் சின்னது, உள்ளே இடம் பெரியது. அதனால் அதன் கத்திகள் மடங்கியபடி இறங்கி, உள்ளே போனதும் கவிழ்த்த குடை மாதிரி விரிந்து, இறுகிய கசடைக் கலக்கிக் கரைக்கின்றன. பிறகு உறிஞ்சி எடுத்துவிடலாம், யாரும் இறங்க வேண்டாம். பேராசிரியர்களும் தூய்மைப் பணியாளர் இயக்கமும் கைகோத்ததால் களத்துக்கு வந்த இயந்திரம் அது.

"முதல் தடவை கூட்டத்துக்கு வரேன். என்ன எடுத்துட்டு வரணும்?"

விசிட்டிங் கார்டு இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் தொழிலில் தொல்லை தரும் பாகத்தில் இரண்டு கொண்டுவாருங்கள், ஒன்று நல்லது, ஒன்று கழித்தது. அந்த வேலை நடக்கும் இடத்தைப் போனில் பத்து நிமிடம் வீடியோ எடுத்து வாருங்கள், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, கூரையும் ஜன்னலும் தெரிகிற மாதிரி. பாகத்தில் எண்ணெய் இருந்தால் துடைக்காமல் அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வாருங்கள்.